கூப்பிடாமல் வந்த கூட்டம்

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஷாகிரா போட்ட போஸ்டருக்கு எல்லோரும் இதயம் அனுப்பியிருந்தார்கள். "மாஷா அல்லாஹ்" என்று எழுதியிருந்தார்கள். வருகிறேன் என்று மட்டும் ஒரு ஆள் எழுதவில்லை.

ஷாகிரா பாண்டிச்சேரிப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் உப்பளத்து நுண்ணுயிர்களை ஆராய்கிறாள். டாக்டர் பட்டம் வாங்கியாகிவிட்டது. இப்போது இருப்பது, வருடா வருடம் நீட்டித்தால்தான் உண்டு என்கிற போஸ்ட்டாக் வேலை. ஆராய்ச்சிப் பக்கம் அதிகம் பேர் வராத சமூகங்களிலிருந்து வந்தவர்களை, அவரவர் ஊர்ப்பக்கமே மேடையேற்றி மக்களிடம் பேச வைக்க அந்தப் பல்கலைக்கழகம் ஒரு திட்டம் வைத்திருந்தது. பேச ஆள் இருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை.

"போன தடவை ஜான்சன் பேசினப்ப மைக்செட்காரரும் அவர் மச்சானும்தான் இருந்தாங்க," என்றார் துறைத்தலைவர் விஜயகுமார் போனில். "மச்சானும் பாதியில எழுந்து போயிட்டாரு. ஞாயித்துக்கிழமை நீங்க பேசறப்ப மரக்காணம் மண்டபமும் காலியா கெடந்தா திட்டத்தையே மூடிடுவாங்க. உங்க வேலையும் அதுலதாம்மா ஓடுது."

ஷாகிரா போனை வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். அம்மா சைத்தூன் பீவி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒருத்தரும் வரமாட்டாங்கம்மா. என் வேலை போயிடும்."

"கல்யாணத்துக்கே வூடு வூடா போய்க் கூப்பிட்டாத்தான் இந்த ஊர் வரும். வந்தும், ஏன் ரெண்டாந்தடவ கூப்பிடலன்னு கோச்சுக்கும். மவுத்துக்குத்தான் கூப்பிடாம வரும்."

வேலை போகப்போகிறது என்று சொன்னால் கல்யாணம், சாவு என்று ஊர் நியாயம் பேசுகிறாளே என்று ஷாகிராவுக்கு எரிச்சலாக வந்தது.

வழி சொன்னது அத்தா முஹம்மது யூசுப்தான். "பள்ளிவாசல் மைக்ல சொல்லிடலாம். ஊருக்கே கேக்கும்."

"அதுல மவுத் சேதிதானே அத்தா சொல்லுவாங்க?"

"ஏன், நல்ல சேதி சொன்னா மைக் வாங்கிக்காதா?"

மறுநாள் காலை யூசுப் பள்ளிவாசலுக்குக் கிளம்பினார். சைத்தூன் பீவியும் கூடையை எடுத்துக்கொண்டு மீன் வாங்கப் போனாள். ஷாகிரா லேப்டாப்போடு உட்கார்ந்தாள்.

மைக் கரகரத்தது. பாங்கு சொல்லும் மோதினாருக்கு எதைச் சொன்னாலும் ஒரே ராகம்தான். பல வருட மவுத் ராகம்.

"கூனிமேடு, பஜார் தெரு, முஹம்மது யூசுப் அவர்களுடைய மகள் ஷாகிரா அவர்கள்..."

அதோடு நின்றுவிட்டது. ஷாகிரா காத்திருந்தாள். தலைக்கு மேல் ஃபேன் சுற்றும் சத்தம்தான் கேட்டது.

ஊர் மீதிக்குக் காத்திருக்கவில்லை. அந்த மைக்கில் ஒரு பேர் வந்தால் மீதி என்ன என்பது கூனிமேட்டில் பிறந்த குழந்தைக்கும் தெரியும்.

முதலில் வந்தவள் பக்கத்து வீட்டு நாஜியா. கதவைத் திறந்த ஷாகிராவையே கட்டிக்கொண்டு, "எப்படிடி ஆச்சு? நேத்துகூட நல்லாத்தானே இருந்தா?" என்று அழுதாள்.

"நாஜியாக்கா, நான்தான் ஷாகிரா."

நாஜியா நிமிர்ந்து பார்த்தாள். ஆனாலும் ஆரம்பித்த அழுகையை அப்படியே விட முடியவில்லை. அழுது முடித்துவிட்டுத்தான் நிறுத்தினாள்.

கொஞ்ச நேரத்தில் தெருவே நிறைந்துவிட்டது. யாரோ பிளாஸ்டிக் நாற்காலி இறக்கினார்கள். சுவர்த் தகராறில் பல வருடமாகப் பேசாத பங்காளி முஜீப் ரஹ்மான், ஓடிவந்த யூசுப்பைக் கட்டிப்பிடித்து, "அந்தச் சுவத்தை நாளைக்கே இடிச்சிடுறேன்ணே," என்றார்.

"புள்ள நல்லாத்தாம்பா இருக்குது. பாதியில கரண்டு போயிடுச்சு."

"அப்படியா. சரி, சுவத்தை அப்புறம் பேசுவோம்."

எல்லோரும் சேர்ந்து மின்வாரியத்தைத் திட்டினார்கள். அந்த வழியாக வந்த லைன்மேன் ராஜ்கமலுக்கும் கிடைத்தது. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். யார் விட்டார்கள்?

சைத்தூன் பீவி வெறும் கூடையோடு வந்து சேர்ந்தாள். "மீனு சரியில்ல," என்றாள். அன்று அடுப்பே தேவைப்படவில்லை. மவுத் வீட்டில் சமைக்கக்கூடாது என்று அக்கம்பக்கத்திலிருந்து இடியாப்பமும் சால்னாவும் வந்துவிட்டன. கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துப்போவது முறையில்லை என்று வைத்துவிட்டுப் போனார்கள்.

மத்தியானம் ஷார்ஜாவிலிருந்து தம்பி உமைர் அழுதுகொண்டே வீடியோவில் வந்தான்.

"நான் உயிரோடதான்டா இருக்கேன்."

"நம்ப மாட்டேன். இப்பல்லாம் ஏஐ-ல எப்படி வேணா பண்றாங்க."

"ப்ளஸ் டூ மார்க் ஷீட்டை நீ எங்க ஒளிச்சு வெச்சேன்னு அத்தாகிட்ட சொல்லட்டா?"

"வேணாக்கா. நம்புறேன்."

அடுத்து விஜயகுமார். "ஷாகிரா வீடுங்களா? கேள்விப்பட்டோம். ரொம்ப வருத்தமா இருக்குது."

"சார், ஷாகிராதான் பேசுறேன்."

"எல்லா டிபார்ட்மெண்டுக்கும் இரங்கல் மெயில் போயிடுச்சேம்மா. திருப்பி வாங்க வழியிருக்குதான்னு ஆபீஸ்ல கேக்கணும்."

இனி தாங்காது என்று ஷாகிராவே ஒரு மறுப்பு எழுதி மோதினாருக்குக் கொடுத்தனுப்பினாள். ஆராய்ச்சி, பல்கலைக்கழகம், அனைவரும் வருக என்று விளக்கமாகத்தான் எழுதியிருந்தாள். மறுபடி கரண்டு போவதற்குள் முடிக்கவேண்டுமே என்று மோதினார் முக்கியமானதை மட்டும் சொன்னார்.

"யூசுப் மகள் ஷாகிரா உயிரோடு இருக்கிறார். ஞாயிறு காலை மரக்காணம் மண்டபத்தில் அவரை நேரில் பார்க்கலாம்."

சாயந்திரத்துக்குள் சேதி உப்பளம் வரைக்கும் போய்விட்டது. "குளிப்பாட்டத் தூக்கினப்ப கண்ணத் தொறந்து தண்ணி கேட்டுச்சாம்," என்று மீனவர் குப்பத்துத் தெய்வநாயகி பஸ்ஸில் கண்டக்டருக்கு விளக்கிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நிற்க இடமில்லை. உப்பளத்து ஆட்கள், மீன்காரப் பெண்கள், கூனிமேடு மொத்தம், ஜன்னலில் வேறு தலைகள். திரையில் ஓடிய படத்தை ஒருவரும் பார்க்கவில்லை. ஷாகிராவின் கால் தரையில் படுகிறதா என்று பார்த்தார்கள்.

எல்லோரும் தன் காலையே பார்ப்பது ஷாகிராவுக்குத் தெரிந்தது. ஆனாலும் பேசினாள்.

"பாத்தியில தண்ணி வத்தி உப்பு உறையறப்ப, இந்தக் கிருமி உப்புக் கல்லுக்குள்ள மாட்டிக்குது. பார்த்தா செத்துப்போன மாதிரிதான் இருக்கும். வருஷக்கணக்கா அப்படியே கெடக்கும். திரும்பத் தண்ணி பட்டா எழுந்து வேலையப் பார்க்கும்."

முன்வரிசை நாற்காலிகள் இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்தன.

"பட்டவ சொல்றா, கேட்டுக்கோங்க," என்றாள் தெய்வநாயகி.

அதற்கப்புறம் நிஜமாகவே கேட்டார்கள். கோடையில் பாத்தித் தண்ணி ஏன் ரோஸ் கலராகிறது என்றார் ஒருவர். குழம்பில் போடும் உப்பிலும் இது இருக்குமா என்றாள் ஒருத்தி. இருந்தால் ஹலாலா என்றார் முஜீப் ரஹ்மான். இத்தனை வருடமாகக் காலி நாற்காலிகளிடம் பேசிப் பழகிய ஷாகிராவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவ்வளவு சந்தோஷமாக அவள் எந்த மேடையிலும் நின்றதில்லை.

விஜயகுமார் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார். "மேலிடத்துல பேசிட்டேன். அடுத்த வருஷமும் திட்டம் உண்டு, ஷாகிராவும் உண்டு. எங்க யூனிவர்சிட்டியால முடியாததை ஒரு கரண்ட் கட்டு பண்ணியிருக்குது. அதுக்குத்தான் நன்றி சொல்லணும்."

எல்லோரும் சிரித்துக்கொண்டே லைன்மேன் ராஜ்கமலைத் திரும்பிப் பார்த்தார்கள். பெண்கள் பக்கம் முன்வரிசையில் சைத்தூன் பீவி முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். ராஜ்கமல் எழுந்துபோய் மைக்கை வாங்கினான்.

"சார், பெரியவங்களாச்சேன்னு இவ்ளோ நாள் வாயத் தொறக்கல. அன்னைக்குக் கரண்டே போகல. நான் எதிர்க் கம்பத்து மேல பல்பு மாட்டிட்டு இருந்தேன். பேரைச் சொல்லி முடிச்சதும் மீன் கூடைய கீழ வெச்சிட்டு, பள்ளிவாசல் வெளிச்சுவத்துல இருந்த மெயின் சுவிட்சை இறக்கினது மேடத்தோட அம்மா."