பெரிய கிராணியின் அரை மணி

1982 பிறந்த அன்று, மலேசியத் தீபகற்பம் முழுவதும் கடிகாரங்களை அரை மணி முன்னே தள்ளி வைக்கும்படி அரசாங்கம் உத்தரவிட்டது. ஜனங்கள் தள்ளி வைத்தார்கள். ஈப்போ பக்கம் லகாட்டுக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் மட்டும் நிர்வாகச் சிக்கல் எழுந்தது. தோட்ட அலுவலகத்தின் தலைமை எழுத்தர், யாழ்ப்பாணத்துக்காரரான பெரிய கிராணி ஸ்கந்தராஜா அப்போதுதான் எலக்ட்ரானிக் கைக்கடிகாரம் வாங்கியிருந்தார். முள் இல்லை, சாவி இல்லை, வெறும் எண்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முதல் கோயில் பூசை வரை எல்லாம், மேற்படி கடிகாரம் 'பீப்' என்ற பிறகே நடந்து வந்தன.

அதில் நேரத்தை மாற்ற அவருக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லும் வழக்கமும் கிடையாது.

லாரி ஓட்டும் அர்ச்சுனன்தான் மாட்டிக்கொண்டான். மகள் மங்களத்துக்குத் திங்கட்கிழமை எட்டு மணிக்கு ஜெலாப்பாங் தொழிற்சாலையில் ஆள் எடுப்பு. லாரியை விட்டால் வேறு வண்டி இல்லை. கிராணியின் கை 'பீப்' என்னாமல் லாரி நகரக் கூடாது. அவன் கிராணியிடமே போனான்.

"ஐயா, பக்கத்துல பொத்தான் இருக்கே. அமுக்கிப் பாக்கலாமா?"

"அமுக்கினனான். முதலிலை தேதி வந்தது. பிறகு வெளிச்சம். மூன்றாந்தரம் எல்லாம் சைபர்! தோட்டத்துக்கு நேரமே இல்லாமல் போச்சுதெண்டு வேர்த்துக் கொட்டிப் போட்டுது. நாலாந்தரம்தான் நேரம் திரும்பி வந்தது."

"அப்ப அரசாங்க நேரம்?"

"அரசாங்கம் மனுசர் நடத்துறது காணும், பிழை விடும். இது மெஷின். நேரம் மாறினது உண்மையெண்டால் இதுக்குத் தெரியாமலோ இருக்கும்?"

சாவி கொடுக்கும் பழைய கடிகாரத்தை அரசாங்க நேரத்துக்கு மாற்றி, அதை நம்பிப் பெரட்டுக்கு வந்த பால்மரத் தொழிலாளி பத்துமலை, நேரத்துக்கு முந்தி வந்து ஒழுங்கைக் குலைத்ததற்காகக் கண்டிக்கப்பட்டான். சீக்கிரமே அரை மணி பின்னால் இருப்பது தோட்டத்தில் நாகரிகமாயிற்று. அதே மாதிரிக் கடிகாரம் வாங்கிய கங்காணிகள் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு நடந்தார்கள்.

திங்கட்கிழமை லாரி தோட்ட நேரப்படி மிகச் சரியாகக் கிளம்பியது.

"வேகமாப் போங்கப்பா!"

"இது லாரிலா, ஏரோப்ளேன் இல்ல."

தொழிற்சாலை வாசலில் அரசாங்க நேரப்படி மணி எட்டரை. மங்களம் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள். ஆள் எடுக்கும் அதிகாரி தம் எலக்ட்ரானிக் கடிகாரத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"கரெக்டா எட்டு! இப்படித்தான் இருக்கணும். அரை மணி முந்தி ஒரு கூட்டமே வந்து நின்னுச்சு. நேரம் தெரியாதவங்களுக்கு இங்க வேலை இல்லைனு அனுப்பிட்டேன்."

மங்களத்துக்கு வேலை கிடைத்தது.

முதல் சம்பளத்தில் அவள் அப்பாவுக்கு ஓர் எலக்ட்ரானிக் கடிகாரம் வாங்கித் தந்தாள். கட்டிப் பார்த்த அர்ச்சுனனுக்குத் திக்கென்றது. அது அரசாங்க நேரத்தைக் காட்டியது. ஈப்போக் கடைகளின் முன்னால் அஞ்சடி நடைபாதையில் கடிகாரம் பழுது பார்க்கும் பிச்சைமுத்துவிடம் ஓடினான்.

"அண்ணே, இதை அரை மணி பின்னால வைக்க முடியுமா?"

பிச்சைமுத்து ஊசியால் ஒரு குத்துக் குத்தினார். எண்கள் பணிவாக மாறின.

"இவ்வளவுதானா! எங்க பெரிய கிராணிக்கு இது தெரியாமப் போச்சே!"

"அவர் போன மாசமே வந்தார்லா. சரியா வச்சுக் கொடுத்தேன். வாசல் வரை போயிட்டுத் திரும்பி வந்து, 'பழையபடி வையும். முழுத் தோட்டமும் என்னை நம்பி ஓடுது, நான் மட்டும் எப்படி மாறுறது'ன்னார்."

அர்ச்சுனன் மாறிய எண்களைப் பார்த்தான்.

"அதுவும் சரிதான்" என்று கையை நீட்டினான். "நல்லா இறுக்கிக் கட்டுங்க அண்ணே."