மாமியார் வீட்டுக்குப் போகாத பிரேக்

கலேர்வோ சபதம் எடுத்தான். இந்த நடுக்கோடைத் திருநாளுக்கு மாமியாரின் ஏரிக்கரை வீட்டுக்குப் போவதில்லை. செத்தாலும் போவதில்லை.

காரணம் சவுனா. அந்த நீராவி அறையை மாமியார் சூடேற்றினால் முட்டை தானாக வெந்துவிடும். மருமகனை மேல்படியில் உட்கார வைத்து, பிர்ச் இலைக் கொத்தால் பேய்க்கு வேப்பிலை அடிப்பது போல அடிப்பாள். பாதியில் ஓடுகிறவன் அவள் கணக்கில் ஆம்பிளையே இல்லை. கலேர்வோ வருஷா வருஷம் ஓடினான்.

"வரமாட்டேன்" என்று மனைவி ஹில்க்காவிடம் சொல்லத் தைரியம் கிடையாது. அதனால் காரைச் சொல்ல வைத்தான். பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஏற்கெனவே கசிந்துகொண்டிருந்தது. திருநாளுக்கு முந்தின நாள், வாசலிலேயே அதைக் கழற்றினான். புதுசை மாட்டுவதற்கு முன் உள்ளே ஆயில் நிரப்பிக் காற்றை வெளியேற்ற வேண்டும்; காற்று இருந்தால் பிரேக் பிடிக்காது. வேண்டுமென்றே காய்ந்தபடியே மாட்டினான். மறுநாள் காலை ஹில்க்காவைப் பிரேக் பெடலை மிதிக்க உட்கார வைத்துவிட்டு, காருக்கடியில் படுத்தான்.

"மிதி!"

"மிதிச்சேன்."

"அப்படியே பிடி!"

"பிடிச்சேன். சேத்துல கால் வச்ச மாதிரி போகுது."

"காத்து இருக்கு. மறுபடி மிதி!"

"இவ்வளவு மிதிக்கு சைக்கிளா இருந்தா அம்மா வீட்டுக்கே போயிருப்பேன்யா."

கலேர்வோ அடியில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். மத்தியானம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்தான்.

"முடியலடி. திருநாள்னு மெக்கானிக் எல்லாம் ஊரைவிட்டே போயிட்டான். நமக்குக் குடுத்து வைக்கல."

"சரி, நகரு."

ஹில்க்கா ஸ்பேனரை எடுத்தாள். சிலிண்டரைக் கழற்றி வைஸ் இடுக்கியில் இறுக்கினாள். இரண்டு துளையிலிருந்தும் குட்டிக் குழாய்களை வளைத்து, மேலே இருந்த ஆயில் டப்பாவுக்குள்ளேயே விட்டாள். பிஸ்டனை ஸ்க்ரூடிரைவரால் மெல்ல அழுத்தினாள். கஞ்சி கொதிப்பது போலக் குமிழிகள் வந்தன. அழுத்த அழுத்தக் குறைந்தன. கடைசியில் ஒன்றுகூட இல்லை.

கலேர்வோ வாயைப் பிளந்தான். அந்தக் கை அவசரப்படவே இல்லை. யாரைக் கட்டிக்கொண்டோம் என்று அன்றைக்குத்தான் பார்த்தான். சத்தியமாகத் தன் சதியே மறந்துபோனது.

"எங்கடி கத்துக்கிட்ட?"

"எங்க டிராக்டர்ல. அம்மா மிதிப்பா, நான் கீழ படுப்பேன்."

"இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே?"

"நீ எப்பக் கேட்ட? ஆயில் சிந்துது பாரு, பெயிண்டைத் தின்னுடும். துணியக் குடு."

குடுத்தான். அவள் சிலிண்டரை மாட்டிவிட்டுக் கீழே படுத்தாள். இப்போது இவன் மிதித்தான். நான்கு சக்கரமும் முடிந்ததும் பெடல் பாறை மாதிரி நின்றது. அவனுக்குப் புல்லரித்தது.

"ஹில்க்கா, நீ மனுஷியே இல்ல, தெய்வம்!"

அப்புறம்தான் சவுனா ஞாபகம் வந்தது.

"அப்போ... உங்கம்மா வீட்டுக்குக் கிளம்பணுமா?"

"வேண்டாம்."

உயிர் திரும்பி வந்தது.

"நீ வேணும்னே காய்ஞ்சதை மாட்டியிருக்கேன்னு முதல் மிதியிலயே தெரிஞ்சுபோச்சு. நீ அடியில கிடக்கும்போதே அம்மாவுக்குப் போன்ல மெசேஜ் போட்டேன். உன் மருமகன் அங்க வரமாட்டான், நீ இங்க வந்துடுன்னு. ரயில் ஏறிட்டா. ஒரு மாசம் இருப்பா."

சாவியை அவன் கையில் வைத்தாள்.

"போய்க் கூட்டிட்டு வா. ஸ்டேஷனைத் தாண்டிப் போயிட்டேன்னு மட்டும் வந்து சொல்லாத. பிரேக் நல்லாவே பிடிக்குது."