நீ போட்ட லோகோவும் நான் பார்த்த என் செத்தவீடும்

அக்கராயன்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் நிருஷன் அறிவது,

உனக்கும் மருமகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் முறிகண்டிப் பிள்ளையார் ஒரு குறையும் வைக்கமாட்டார். இங்கே அம்மா சுகம். நான் உயிரோடு இருக்கிறேன். இப்படி ஒரு செய்தியை வழக்கமாக யாரும் கடிதத்தில் எழுதுவதில்லை. எழுதுகிற நிலைக்கு என்னைக் கொண்டுவந்தவன் நீ. போனில் சொல்லலாம்தான். நான் வாயைத் திறந்ததும் "அப்பா, மீற்றிங்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி இடையில் வெட்ட முடியாது.

எங்கள் அரிசி ஆலையின் வெப்சைற்றில் இருந்த மயில் கோழி மாதிரி இருக்கிறது, கோழிப்படம் போட்ட அரிசியை லண்டனில் ஒருவரும் வாங்கமாட்டார்கள் என்று நீ சொன்னபோது நான் மறுத்துப் பேசவில்லை. அது கோழி மாதிரித்தான் இருந்தது. ஆனால் அந்தக் கோழியைப் பார்த்து யாரும் வந்து அழவில்லை. நீ என்ன செய்தாய்? என் அடையாள அட்டைப் படத்தை எடுத்து, நிறத்தையெல்லாம் கழுவிக் கறுப்பு வெள்ளையாக்கினாய். அதுதான் இப்போதைய நாகரிகமாம். முட்டை வட்டத்துக்குள் என் தலையை வைத்தாய். இரண்டு பக்கமும் நெற்கதிரை மாலை மாதிரி வளைத்துவிட்டாய். புழுங்கல் அவிக்கிற நெருப்பு என்று சொல்லி இந்தப் பக்கம் ஒரு சுடர், அந்தப் பக்கம் ஒரு சுடர். அதுவும் போதாதென்று, ஆலைக்கு நாற்பது வயது என்று காட்ட, கீழே 1986 – 2026. தம்பி, நீ இந்த மண்ணில் பிறந்தவன்தானே? இப்படிப்பட்ட படத்தை மதிலிலும் லைற் போஸ்ற்றிலும் எத்தனை தரம் பார்த்திருப்பாய்? அதில் இருக்கிற ஆள் பிறகு எங்கேயாவது அரிசி விற்றதைக் கண்டாயா?

ஆலையில் கணக்கும் போனும் பார்க்கிற சிவதர்சினி, நீ சொன்னபடியே சனிக்கிழமை கிளிநொச்சியில் அதைப் பெரிய பனராக அடித்து, ஆலை வாசலில் இரண்டு கம்பு நட்டுக் கட்டிவிட்டாள். பேஸ்புக்கிலும் போட்டாள். நான் ஞாயிறு விடியமுதலே வயலுக்குத் தண்ணீர் திருப்பப் போய்விட்டேன். அந்த நேரம் பார்த்து, மரண சகாய சங்கத்துச் செயலாளர் இளையதம்பி மோட்டார் சைக்கிளில் அந்த வழியால் வந்திருக்கிறார். வேறென்ன வேண்டும் அந்த மனுசனுக்கு? நேரே கோயிலுக்குப் போய் ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார். சந்தியிலிருந்து எங்கள் வீட்டு வாசல் படலை வரைக்கும் வெள்ளைக்கொடி. அயலட்டைப் பெண்கள் ஓடிவந்து உன் அம்மாவைக் கட்டிப்பிடித்துக் குழற, வயலில்தான் எனக்கு ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்து அவளும் குழற, ஒருவரை ஒருவர் பார்த்து இன்னும் குழற, கேள்வி கேட்க அங்கே ஒருவருக்கும் நேரமிருக்கவில்லை. பனரில் இருந்த வருசக் கணக்கின்படி பார்த்தால் செத்தவன் நாற்பது வயதுக்காரன். அதைக்கூட ஒருவரும் கூட்டிப் பார்க்கவில்லை.

இது ஒன்றும் தெரியாமல் மத்தியானத்துக்குப் பிறகு நான் சைக்கிளில் வந்துகொண்டிருக்கிறேன். ஒழுங்கையில் வெள்ளைக்கொடியைக் கண்டதும், மரியாதைக்கு இறங்கி உருட்டிக்கொண்டு வந்தேன். லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினில் வாடகைக் கதிரைகளை ஏற்றி வந்த, ஊருக்குப் புதுப் பெடியனிடம், "ஆர் தம்பி மோசம் போனது?" என்று கேட்டேன். "மில்காரர் மயில்வாகனத்தாராம் ஐயா. நல்ல மனுசனெண்டு சொல்லினம், எனக்குப் பழக்கமில்லை" என்றான். முன்வாசலால் போனால் சனம் பயந்துவிடும். பின்பக்கத்து வேலியால் பூந்து குசினிக்குள் அடுப்படியில் போய் நின்றேன்.

அங்கே நின்றுதான், நிருஷன், உன் மாமி இராசமலர் முன்னறையில் அழுவதைக் கேட்டேன். பேஸ்புக்கில் அந்தப் படத்தைக் கண்டு முல்லைத்தீவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். அவளும் நானும் கதைத்து எவ்வளவு காலம் என்று உனக்குத் தெரியும். மகள் யதுர்ஷிகாவின் கலியாணத்துக்கு, தாய்மாமன் என்னை நேரில் வந்து வெற்றிலை வைத்துக் கூப்பிடாமல் வட்ஸ்அப்பில் அட்டை அனுப்பினாள். நான் போகவில்லை. மாப்பிள்ளை சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பெடியன் என்பதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமுமில்லை, அதை நீயும் கிளறாதே. எனக்கு ஒரே ஒரு தங்கைச்சி. அவள் சொல்லிச் சொல்லி அழுகிறாள்: "இடம்பெயர்ந்து ஓடேக்க என்ர பிள்ளையைத் தோளில தூக்கிக்கொண்டு நடந்தவரே, அந்தப் பிள்ளையின்ர கலியாணத்துக்கு மட்டும் வரேல்லையே அண்ணை!" எனக்குக் குசினிக்குள்ளேயே கண்ணீர் வந்துவிட்டது. இப்படி என்னை நினைத்து அழ ஒருத்தி இருக்கிறாள் என்று சந்தோசப்பட்டு, யோசிக்காமல் வெளியே வந்துவிட்டேன். அதுதான் நான் விட்ட பிழை.

குழறிக்கொண்டிருந்த பெண்கள் சுவரோடு ஒதுங்கினார்கள். இராசமலர் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"உயிரோடதான் இருக்கிறியளோ?"

"ஓம் பிள்ளை. இவன் நிருஷன் போட்ட லோகோவால வந்த வினை. இரு, தேத்தண்ணி குடி."

"செத்தவீட்டில நான் தேத்தண்ணி குடிக்கிறேல்லை."

"ஆரும் சாகேல்லை, மலர்."

"எனக்கு நீங்கள் யதுவின்ர கலியாணத்தண்டே செத்திட்டியள் அண்ணை. அழத்தான் ஒரு சாட்டுக் கிடைக்கேல்லை. இண்டைக்கு அழுது முடிச்சிட்டன்."

சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய், செத்தவீட்டுக்கு வந்தவர்கள் செய்கிற மாதிரியே தலையில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றிக்கொண்டு, ஈரச்சேலையோடு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். நான் படலையில் நின்று கூப்பிட்டேன். திரும்பியும் பார்க்கவில்லை.

அன்று தொடக்கம் எனக்குச் சோறு இறங்கவில்லை. கோபமாக இருந்த தங்கைச்சியோடு என்றைக்காவது சமாதானம் ஆகலாம் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. அழுது முடித்துவிட்டேன் என்று சொன்னவளிடம் என்னவென்று போய்க் கதைப்பது? இளையதம்பி வேறு, சங்கத்திலிருந்து என் பெயரை வெட்டியாயிற்று, திரும்பச் சேருவதென்றால் பொதுக்கூட்டம் கூட வேண்டும், அதுவரைக்கும் கவனமாக இருங்கோ என்று சொல்லிவிட்டுப் போகிறார். ஆலையில் அரிசி தேங்கிக் கிடக்கிறது. முதலாளி செத்த ஆலைக்கு உடனே போய் அரிசி கேட்டால் மரியாதையில்லையாம்.

ஆகையால், இந்தக் கடிதம் கண்டதும் அந்த லோகோவைக் கழற்று. பழைய கோழியையே திரும்ப ஏற்று. நான் சாகவில்லை என்று வெப்சைற்றின் முகப்பில் பெரிய எழுத்தில் போடு. உன் பிராண்ட், உன் மினிமல் எல்லாவற்றையும் லண்டன்காரருக்கே செய்து கொடு. ஏதாவது ஒரு சாட்டு வைத்து இதைத் தள்ளிப்போட்டாயோ, உண்மையாகவே நான் செத்தால் உனக்கு அறிவிக்க வேண்டாமென்று சிவதர்சினியிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தம். மருமகளைக் குளிருக்குள் கவனமாக இருக்கச் சொல். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நோய்நொடி இல்லாமல், என்னைவிட நல்ல படத்தோடு நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,

அப்பா,
க. மயில்வாகனம்.

பி.கு.: கடிதம் இன்னும் போகவில்லை. ரோட்டில் ஆட்கள் என்னைப் பேயைக் கண்ட மாதிரிப் பார்ப்பதால் தபால் கந்தோருக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்துவிட்டேன். இன்று ஞாயிறு. மத்தியானம் படலையில் ஒரு ஓட்டோ வந்து நின்றது. இராசமலர், யதுர்ஷிகா, அந்த மாப்பிள்ளை யூட்சன், மூவர் கையிலும் சட்டிகள். நான் என்ன ஏதென்று கேட்க முதலே, "எட்டுச் செலவு" என்றாள் மலர். "செத்தவருக்குப் பிடிச்சதெல்லாம் எட்டாம் நாள் சமைச்சுப் படைக்க வேணுமல்லோ. மற்றவைக்குப் படத்துக்கு முன்னால வைக்கிறது. உங்களுக்கு நேரவே வைக்கிறன், சாப்பிடுங்கோ." யூட்சன் விடியக் கடலோரக் களப்பில் பிடித்த நண்டாம். முருங்கையிலை போட்ட கறி. யது இலை போட்டுப் பரிமாறினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நண்டு உறைப்பு என்று சொன்னேன். "மாமா, இன்னொரு கால் வைக்கட்டோ?" என்று அந்தப் பெடியன் கேட்டான். ஓம் தம்பி, வை என்றேன்.

லோகோவில் கை வைக்காதே. முப்பத்தோராம் நாள் படையலுக்கும் வருவதாகச் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறாள்.