ஜிம்மியின் இடது காது

திருச்சுழி தாலுகா,
16-8-1969, சனிக்கிழமை.

கர்த்தருக்குள் அன்பான ஜான்ராஜ் மாமா அவர்களுக்கு, அக்காள் மகள் ரூத் தோத்திரம் சொல்லி எழுதுவது. இவ்விடம் அப்பா, அம்மா, நான் மூவரும் தேவ கிருபையால் சுகம். ஜிம்மியும் சுகம். இதை மூன்றாவது வரிக்குள் எழுதிவிடு, இல்லாவிட்டால் உன் மாமனுக்கு மயக்கம் வந்துவிடும் என்று அம்மா சொன்னார்கள், எழுதிவிட்டேன். திருச்சியில் உங்கள் ரயில்வே பயிற்சி நன்றாக நடக்கிறதா, விடுதிச் சாப்பாட்டில் இன்னும் கல் இருக்கிறதா என்பதற்கெல்லாம் பதில் எழுதவும். இனி வரும் பத்திகளை உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

ஜூன் மாதம் நீங்கள் ஜிம்மியை எங்களிடம் விட்டுச் சென்றபோது எழுதிக்கொடுத்த பதினான்கு விதிகளையும் அட்டையில் ஒட்டி அடுப்படியில் மாட்டியிருக்கிறேன். மூன்றாம் விதிப்படி நான்கு மணிக்கு டீ கொடுக்கிறோம். ஒன்பதாம் விதிப்படி கயிற்றால் கட்டாமல் அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துத்தான் கட்டினோம். பதினான்காம் விதியை மட்டும் காப்பாற்றுவது சிரமமாக இருக்கிறது. அவன் காதுபட 'ஆடு' என்று யாரும் சொல்லக்கூடாது என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் ஊரில் நூற்றுக்கணக்கில் இருப்பவை அவைதான், மாமா. தெருவில் இரண்டு பேர் பேசினால் மூன்றாவது வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

ஜூலை மாதக் கடைசியில் ஜிம்மி உடைமுள் வேலிக்குள் தலையை விட்டு எதையோ மேய்ந்துவிட்டு, வெளியே இழுக்கும்போது இடது காதின் நுனியைக் கிழித்துக்கொண்டான். அம்மா மஞ்சள் வைத்தார்கள், ஆறவில்லை. நான்காம் நாள் புழு வைத்துவிட்டது. அப்பாவுக்குப் பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்ஷன் என்பதால் அம்மாவும் நானும் அவனை நடத்திக்கொண்டு பக்கத்து ஊர் மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் வருவார், நாங்கள் போனது வியாழன். கம்பவுண்டர் ஆண்டிச்சாமி மேசையில் ஒரு பெரிய பதிவேட்டை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்க்காமலே, "பேரு?" என்றார். "ஜிம்மி" என்றேன். "நாயிக்கு இங்க வைத்தியம் கெடையாது பாப்பா. விருதுநகருக்குக் கொண்டுட்டுப் போங்க" என்றார். எனக்குப் பதினான்காம் விதி நினைவுக்கு வந்ததால் அவர் காதருகே போய், "நாயி இல்லைங்க, வெள்ளாட்டுக் கெடாங்க" என்று மெதுவாகச் சொன்னேன். அவர் நாற்காலியைத் தள்ளிப்போட்டுக்கொண்டு, "அதை எதுக்குத் தாயி ரகசியமாச் சொல்ற? களவாண்டுட்டு வந்தியா?" என்று கேட்டார். வரிசையில் மாடு பிடித்துக்கொண்டு நின்றவர்கள் எல்லோரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா என் முதுகில் கிள்ளியது இன்னும் வலிக்கிறது.

ஆனால் வைத்தியத்தில் குறை சொல்ல முடியாது. அழுகிப்போன காது நுனியை ஐந்து பைசா அகலத்துக்கு நறுக்கி எடுத்தார். மஞ்சள் நிறத்தில் ஒரு மருந்தை நெற்றியிலிருந்து கழுத்து வரை தாராளமாகப் பூசினார். ஈ அண்டாமல் இருக்க வேப்பங்கொத்து ஒன்றைக் கழுத்தில் கட்டிவிட்டார். ஜிம்மி ஒரே ஒரு முறைதான் கத்தினான். நான் அவனுடைய கண்களைப் பொத்திக்கொண்டிருந்தேன், என்னுடையதையும் மூடிக்கொண்டிருந்தேன். திரும்பி வரும் வழியில் கருப்பசாமி கோவில் வேம்படி நிழலில் அவன் நின்றுவிட்டான். மணி நான்கு, அது அவன் டீ குடிக்கும் நேரம், அவ்வளவுதான் காரணம். ஆனால் அங்கே நின்ற எதிர்வீட்டுச் சோலையம்மாள், வெட்டிய காதையும் மஞ்சள் கழுத்தையும் வேப்பிலையையும் பார்த்துவிட்டுக் கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்துக் குலவை போட்டுவிட்டாள்.

மாமா, நீங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸிலேயே வளர்ந்துவிட்டதால் உங்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம். இந்தப் பக்கத்தில் கருப்பசாமிக்கு ஒரு கிடாயை நேர்ந்துவிட்டால் அதன் காதைக் கொஞ்சம் வெட்டி அடையாளம் வைத்து, மஞ்சள் பூசி விட்டுவிடுவார்கள். அதன்பின் அதை யாரும் கட்டக்கூடாது, அடிக்கக்கூடாது, எந்தக் காட்டில் மேய்ந்தாலும் விரட்டக்கூடாது. ஆடி மாதம் கடைசி வெள்ளிக்கிழமைப் பொங்கலில் அதை வெட்டுவார்கள். எங்களுக்கும் இது தெரியும். ஆனால் காது வலியில் துடிக்கிறவனைக் கூட்டிக்கொண்டு வருகிறபோது அதெல்லாம் நினைவுக்கு வருமா?

"வாத்தியாரம்மா! வேதக்காரவுக நீங்களும் நேந்துட்டீகளா! எதுக்கு நேந்தீக? ரூத்து பாஸாகவா?" என்று சோலையம்மாள் கேட்டாள். (நான் எப்போதும் முதல் மூன்று இடத்துக்குள்தான் வருகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும்.) அம்மா, "அய்யோ சோலை, இது புண்ணுக்கு மருந்துடி, மாட்டாஸ்பத்திரியில போட்டது" என்றார்கள். "ஆமாமா, சாமி காரியத்த வெளிய சொல்லக்கூடாதுதான், எனக்குத் தெரியாதா" என்று சொல்லிக்கொண்டே சோலையம்மாள் குனிந்து, அப்பாவின் வேட்டிக் கிழிசலை ஜிம்மியின் கழுத்திலிருந்து அவிழ்த்துவிட்டாள். அன்றைக்கு அவிழ்த்ததுதான். நாங்கள் கட்டினால் எதிரே வருகிறவர்கள் அவிழ்த்துவிடுகிறார்கள். கதவைச் சாத்தி வைத்தால் தட்டித் திறக்கச் சொல்கிறார்கள்.

அப்பா மறுநாளே பூசாரி வெள்ளத்துரையைப் பார்த்து, இது மச்சினனின் வளர்ப்புப் பிராணி, அவன் திரும்பி வரும்வரை அமானத்தாக வைத்திருக்கிறோம் என்று விளக்கிச் சொன்னார்கள். பூசாரி நல்ல மனிதர்தான். முழுவதையும் கேட்டுவிட்டு, "வாத்தியாரையா, எதுக்கு நேந்தீக, யாருக்கு நேந்தீகன்னு நான் கேக்க மாட்டேன். காது வெட்டி, மஞ்சப் பூசி, வேப்பெல கட்டி, அதுவா வந்து கோயில் வாசல்ல நின்னுருக்கு. ஆறு மாசமா ஒரு பொட்டு மழ இல்ல. இப்பப் போயி இந்தக் கெடா இல்லன்னு நான் சொன்னா ஊருல என்னையத்தான் வெட்டுவாக" என்றார். நான் என் மூளையைப் பயன்படுத்தி, மாட்டாஸ்பத்திரிக்குத் திரும்ப நடந்துபோய், 'மேற்படி பிராணியின் காது நோய் காரணமாக மட்டுமே வெட்டப்பட்டது' என்று நானே எழுதி, கம்பவுண்டரிடம் கையெழுத்தும் ரப்பர் முத்திரையும் வாங்கிவந்து பூசாரியிடம் கொடுத்தேன். அவர் அந்தக் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து, "கேட்டுக்கிடுங்கப்பா, காது வெட்டுனதுக்குக் கவருமெண்டே முத்திரை போட்டுக் குடுத்துருச்சு" என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு வாரமும் ஜிம்மி ராஜாவாக இருந்தான். கடைக்காரர் சுப்புராஜ் அண்ணாச்சி மூட்டையை அவிழ்த்துக் கடலைப் புண்ணாக்கு வைத்தார். எட்டாம் வகுப்புக்குள் போய்ப் பூகோளக் கேள்வித்தாள்களைத் தின்றான், வகுப்பே அவனைக் கும்பிட்டது. எங்கள் சபை உபதேசியார் வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "ஞானப்பூ அம்மா, கேள்விப்பட்டது நெசந்தானா?" என்று வருத்தமாகக் கேட்டுவிட்டு, எங்களுக்காக அரைமணி நேரம் ஜெபம் பண்ணினார். ஜெபம் முடிந்து பார்த்தால் அவர் கொண்டுவந்த துணிப்பையில் பாதியை ஜிம்மி தின்றிருந்தான். அவன் கொழுத்துக்கொண்டே போனான். பார்க்கிறவர்கள் எல்லோரும் அவன் முதுகைத் தட்டிப் பார்த்து, "பதினஞ்சு கிலோ தேறும்" என்றார்கள். ஒருவர் சொன்னபோது அம்மா உள்ளே போய் அழுதார்கள். நீங்கள் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவனை நாங்கள் இரண்டரை மாதம் பார்த்துக்கொள்ள முடியாமல் போயிற்றே என்று எனக்கும் இரவெல்லாம் தூக்கம் இல்லை. உங்களுக்கு எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். 'ஜிம்மி' என்று எழுதியதற்கு மேல் பேனா நகரவில்லை.

நேற்றுதான் அந்த வெள்ளிக்கிழமை. சுதந்திர தினமும் நேற்றுதான். காலையில் கொடியேற்றி ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள், என்னுடையதையும் ஜிம்மிக்கே கொடுத்துவிட்டேன். இன்னும் ஒரே ஒரு வழிதான் இருந்தது. வெட்டுவதற்கு முன்னால் கிடாயின் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும், அதைத் துளுக்குவது என்பார்கள். துளுக்கினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். துளுக்காவிட்டால் வெட்டமாட்டார்கள். காதுக்குள் தண்ணீர் போனால்தான் அவை அப்படி உதறும் என்று எனக்குத் தோன்றியது. ஆகவே கொடியேற்றம் முடிந்ததும் ஜிம்மியின் இரண்டு காதுகளிலும் பஞ்சை விளக்கெண்ணெயில் நனைத்து ஆழமாக வைத்தேன். பாக்கி எண்ணெயைத் தலையிலும் முதுகிலும் தேய்த்துவிட்டேன். "பாருங்கடி, சாமிக்குப் போறதுக்கு எப்படிப் பளபளன்னு சிங்காரிச்சு விட்டுருக்கு இந்தப் பிள்ள!" என்று சோலையம்மாள் என் கன்னத்தை வழித்து முத்தம் கொடுத்தாள். எனக்குக் குற்ற உணர்ச்சியாக இருந்தது.

உறுமி அடிக்கும்போது பூசாரி முதல் செம்பை ஊற்றினார். தண்ணீர் உருண்டு கீழே ஓடிவிட்டது. ஜிம்மி அவரை நிமிர்ந்து பார்த்தான், டீ இல்லை என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இரண்டாவது செம்பு. ஐந்தாவது செம்பு. பிறகு குடத்தோடு. ஊரில் குடிக்கவே தண்ணீர் இல்லாத காலத்தில் இரண்டு குடம் ஊற்றியும் அவன் அசையவில்லை. உறுமி நின்றுவிட்டது. "சாமி! என்ன குத்தம்? யாரு செஞ்ச குத்தம்?" என்று பூசாரி கத்தினார். கூட்டத்திலிருந்து எங்கள் தெருத் தனுஷ்கோடி மாமா முன்னால் வந்து, "அந்த வாய்க்கா வரப்ப ஒரு முழம் தள்ளி வெட்டுனது நாந்தான் சாமி" என்றார். அவர் தம்பி, "ஏலே, அண்ணன்னு பேசாம இருந்தா அது நீதானாலே!" என்று பாய்ந்தார். அதற்குள் ஒருவர் ஊர்க்கிணற்று வாளி தன் வீட்டில்தான் இருக்கிறது என்றார். சோலையம்மாள் அழுதுகொண்டே, அம்மாவுக்கு எட்டு வருஷமாக ஊற்றுகிற பாலில் பாதி தண்ணீர் என்றாள். "அது எனக்கு மொத நாளே தெரியும் சோலை" என்று அம்மாவும் அழுதார்கள். பூசாரியே கடைசியில், போன வருஷப் பொங்கல் வெல்லத்தில் ஒரு உருண்டை மகள் வீட்டுக்குப் போய்விட்டது என்று ஒப்புக்கொண்டார். அத்தனை பேர் உண்மை பேசிய இடத்தில் நான் ஒருத்திதான் எண்ணெய்க் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வாயை மூடி நின்றேன், மாமா. வாய்வரை வந்தது. ஜிம்மியைப் பார்த்தேன், விழுங்கிவிட்டேன்.

அவ்வளவு குற்றத்தையும் கேட்டபிறகும் அவன் துளுக்கவில்லை. "சாமிக்கு இந்தக் கெடா வேணாம். வீட்டுக்குப் பத்திட்டுப் போங்க" என்று பூசாரி சொல்லிவிட்டார். ஆகவே ஜிம்மி இனி முழுக்க உங்களுடையவன். இன்று காலை பஞ்சை எடுத்துவிட்டுச் சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டினேன். காது நன்றாக ஆறியிருக்கிறது, நுனி மட்டும் இல்லை. நீங்கள் அவசரப்பட்டு லீவு போட வேண்டாம். பயிற்சியை நல்லபடியாக முடித்து, செப்டம்பரில் நிதானமாக வந்து அழைத்துக்கொண்டு போகவும்.

கர்த்தர் உங்களையும் உங்கள் பரீட்சையையும் ஆசீர்வதிப்பாராக. அப்பாவும் அம்மாவும் தங்கள் அன்பைச் சொல்லச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
செ. ரூத், ஒன்பதாம் வகுப்பு.

பி.கு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். மாலை ஐந்து மணிக்கு மழை வந்துவிட்டது, மாமா. ஊரே தெருவில் நின்று நனைந்தது. நானும் நனைந்தேன், அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அப்போது ஜிம்மி நடுத்தெருவில், பூசாரிக்கு நேர் எதிரே நின்றுகொண்டு, தலையிலிருந்து வால்வரை மூன்று முறை துளுக்கிவிட்டான். "உத்தரவு வந்துருச்சுடோய்!" என்று பூசாரி மழையிலேயே விழுந்து கும்பிட்டார். செவ்வாய்க்கிழமை காலை என்று நாள் குறித்துவிட்டார்கள். இந்தக் கடிதம் உங்களுக்குக் கிடைப்பதும் செவ்வாய்க்கிழமைதான் என்று அப்பா கணக்குப் போட்டுச் சொன்னார்கள். ஆகவே நாளைக் காலை முதல் பஸ்ஸில் அப்பாவும் நானும் ஜிம்மியை அம்மாவின் கம்பளியால் போர்த்தி, காய்ச்சல்காரப் பாட்டி என்று சொல்லித் திருச்சிக்குக் கொண்டுவருகிறோம். நீங்கள் இதைப் படிக்கும்போது அவன் உங்கள் கட்டிலில் படுத்திருப்பான். அப்படியானால் இந்தக் கடிதத்தைப் படிக்க வேண்டாம், அவனுக்கே கொடுத்துவிடவும். வழியில் சாப்பிட எதுவும் கிடைத்திருக்காது.