செனட் அண்ணையும் இரண்டு அதிபர்களும்

ஒஸ்லோத் தமிழர்களில் அமெரிக்க அரசாங்கத்தைக் கரைத்துக் குடித்தவர் ஒரே ஒருவர்தான். அதை அவரிடம் கேட்டு விளங்கிக்கொண்டவர் இன்றுவரை ஒருவரும் இல்லை. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் எதுவாகவும் இருக்கட்டும், ட்வெய்ட்டாப் பக்கம் வந்து செனட் அண்ணை என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். அமெரிக்காவுக்கு அவர் போனதில்லை. போக ஆசைப்பட்டதும் இல்லை.

இந்தப் பித்து அவருக்கு எண்பதுகளில், நோர்வேயின் வடமுனையில் உள்ள பாட்ஸ்பியோர்டில் பிடித்தது. மீன் வெட்டும் தொழிற்சாலையில் வேலை. விடுதி அறையின் அலுமாரியில், முன்பு இருந்தவர் விட்டுப்போன புத்தகம் ஒன்று கிடந்தது. அமெரிக்கா எப்படி ஆளப்படுகிறது என்று நோர்வேப் பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுதிய பாடநூல். சூரியன் எட்டிப் பார்க்காத மாதங்களில் வேறு செய்வதற்கு ஒன்றும் இல்லாததால், ஓர் அகராதியை வைத்துக்கொண்டு அந்தப் புத்தகத்திலேயே நோர்வேஜிய மொழி படித்தார். இதனால் உச்ச நீதிமன்றத்துக்கும் பதவி நீக்க விசாரணைக்கும் அவருக்கு நோர்வேஜியச் சொல் தெரியும். வெங்காயத்துக்குத் தெரியாது. ஒருநாள் மேற்பார்வையாளர் கூடுதலாக இரண்டு மணித்தியாலம் நிற்கச் சொன்னபோது, "எனக்குள்ள அதிகாரத்தின்படி இதை நான் ரத்துச் செய்கிறேன்" என்று பிழையில்லாத நோர்வேஜியத்தில் சொன்னாராம். இவர் ஊரில் சட்டத்தரணியாக இருந்தவர் என்று நினைத்து, அந்த மனிதர் அதன்பிறகு எழுந்து நின்றுதான் இவருடன் கதைத்தாராம்.

நான் அவரை அறிந்தது அதற்குப் பல வருடங்களின் பின். அப்போது அவர் ஒஸ்லோவில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்துகொண்டிருந்தார். சனிக்கிழமைகளில் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கு வந்து கதிரை அடுக்குவார், தேநீர் ஊற்றுவார். நான் அந்தப் பள்ளியின் பெற்றோர் குழுச் செயலாளர். என் மகள் ஆரணி மேல் வகுப்பில் இருந்தாள்.

அந்த வசந்தத்தில் மேல் வகுப்பு ஆசிரியை பிள்ளைப்பேற்று விடுமுறையில் போய்விட்டார். அதே நேரம் பிள்ளைகளுக்கு நோர்வேஜியப் பள்ளியில் அமெரிக்க அரசாங்கம் பற்றி வாய்மொழிப் பரீட்சை வரவிருந்தது. வெள்ளையாக ஒரு மாளிகை உண்டு, அதற்குள் ஓர் ஆள் உண்டு என்பதோடு ஆரணியின் அறிவு முடிந்திருந்தது. செனட் அண்ணை தேநீர்க் கேத்தலைக் கீழே வைத்துவிட்டு, தானே படிப்பிக்கிறேன் என்றார். பள்ளி அதிபர் கொஞ்சம் யோசித்தார். பதினான்கு வருடங்களாகப் பள்ளியை நடத்துகிறவர், கண்டிப்பான பெண்மணி. முழுக்கத் தமிழில் நடத்தினால் சரி என்று ஒப்புக்கொண்டார்.

எங்கள் யாழ்ப்பாண வழக்கில் அதிபர் என்றால் பள்ளிக்கூடத் தலைவர். நாட்டுத் தலைவரை நாங்கள் சனாதிபதி என்போம். பின்னால் வந்த குழப்பம் முழுவதும் இந்த ஒரு சொல்லால் வந்தது.

முதல் வகுப்பில் நான் பின்வரிசையில் இருந்து கேட்டேன். ட்வெய்ட்டாவின் உயர்ந்த அடுக்குமாடிகளையும் அவற்றுக்கு அப்பால் உள்ள தனி வீடுகளையும் பலகையில் கீறினார். ஆள்கணக்குப் பார்த்து இடம் கொடுப்பது கீழ்ச் சபை, அதில் மாடிக்காரரின் கைதான் ஓங்கும். மாடியோ தனி வீடோ, எல்லோருக்கும் சமமாக இரண்டு கதிரை கொடுப்பது மேல் சபை, அதுதான் செனட். இதுவரை எனக்கும் விளங்கியது. அடுத்துத் தேர்தலுக்குப் போனார். சனம் போடுவது தலைவருக்கான வாக்கு அல்ல, தலைவருக்கு வாக்குப் போடப்போகிற ஆட்களுக்கான வாக்கு என்றார்.

"அப்ப கூடுதலான வாக்கு எடுத்தவர் தோக்கலாமோ?" என்று ஆரணி கேட்டாள்.

"தோக்கலாம். தோத்தும் இருக்கினம்," என்றார் அவர் பெருமையாக.

அவர் விளக்க விளக்க எனக்கு முதலில் விளங்கியிருந்ததும் போய்விட்டது. ஆனால் பிள்ளைகள் ஒருவரும் கைபேசியைத் தொடவில்லை.

இரண்டாவது வாரம் வர்ஷா என்ற புதுப் பிள்ளை வந்து சேர்ந்தாள். சென்னையிலிருந்து வேலைக்கு வந்த குடும்பம். சனாதிபதி என்ற சொல் அவளுக்குப் பிடிபடவில்லை. தங்கள் ஊரில் அமெரிக்க அதிபர் என்றுதான் சொல்வார்கள் என்றாள். வந்த பிள்ளை தனித்துப் போகக்கூடாது என்று செனட் அண்ணை அந்த நிமிடமே சனாதிபதியைக் கைவிட்டார். அன்றிலிருந்து வகுப்பில் எல்லோரும் அதிபர் என்றே சொல்லிப் பழகினார்கள்.

அடுத்தது பதவி நீக்கம். கீழ்ச் சபை குற்றம் சாட்ட வேண்டும், செனட் விசாரிக்க வேண்டும். நடித்துப் பார்க்கலாம் என்று பிள்ளைகளைக் கொண்டு ஒரு குற்றப்பத்திரிகை எழுதுவித்தார். ஆரணி அழகான கையெழுத்தில் எழுதினாள். அதிபர் சபையைக் கேளாமல் தானே முடிவெடுக்கிறார். சபை கேட்ட கடிதங்களைக் காட்ட மறுக்கிறார். தனக்கு வேண்டியவர்களைப் பதவியில் இருத்துகிறார். ஆகவே அதிபரை நீக்க வேண்டும். கீழே எட்டுப் பிள்ளைகளின் கையொப்பம். பிரதி எடுத்துவிட்டு மூலத்தை இயந்திரத்திலேயே விட்டுவிட்டு வந்தாள்.

அதை எடுத்தவர் எங்கள் அதிபர்.

அன்று பின்னேரமே பெற்றோர் வட்ஸ்அப் குழுவில் அந்தத் தாளின் படம் வந்தது. யார் போட்டது என்று இன்றுவரை தெரியாது. அடுத்த சனிக்கிழமைக்கு நான் அவசரக் கூட்டம் கூட்டினேன். அதற்குள் பெற்றோர் இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள். இதில் பெரிய சங்கடம், குற்றச்சாட்டுகள் பொருந்தியதுதான். போன வருடம் விளையாட்டுப் போட்டியை யாரையும் கேட்காமல் நிறுத்தியது அதிபர்தான். நடன ஆசிரியை அவருடைய பெறாமகள், கூடப்பிறந்த தங்கையின் பிள்ளை. பிள்ளைகள் எழுதியதில் பிழை ஒன்றும் இல்லையே என்று ஸ்டோவ்னரிலிருந்து வரும் தகப்பன் ஒருவர் மெதுவாகச் சொல்ல, நாலைந்து தலைகள் ஆடின.

அதிபர் பள்ளிக் கதவுகளின் திறப்புக் கொத்தை மேசையில் வைத்தார். குரல் உயரவில்லை.

"பதினாலு வருசமாய் எனக்குச் சனிக்கிழமை எண்டு ஒண்டு இருக்கேல்லை. பெரியாக்கள் சொல்லியிருந்தால் சண்டை பிடிச்சிருப்பன். பிள்ளையளே எழுதிப் போட்டுதுகள். நான் போறன்."

அவரைப் பிடிக்காதவர்களும் நிலத்தைப் பார்த்தார்கள். அவர் போனால் மறுவாரம் பள்ளிக் கதவைத் திறக்கக்கூட ஆள் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். நான் செனட் அண்ணையை முன்னுக்கு அழைத்து, இந்தத் தாளை அவர்தான் எழுதுவித்தாரா என்று கேட்டேன். ஒரு வார்த்தையில் விஷயத்தை முடித்திருக்கலாம். அவர் முழுமையாக விளக்க விரும்பினார்.

"ஓம், நான்தான். ஆனால் இது கீழ்ச் சபையின்ரை வேலை மட்டும். மேல் சபைக்கு இன்னும் போகேல்லை. அங்கை மூண்டிலை ரெண்டு பங்கு வேணும். அதுவரைக்கும் அதிபர் பதவியிலைதான் இருக்கலாம், பயப்பிட ஒண்டுமில்லை."

அதிபரின் முகம் வெளிறியது. "மேல் சபையிலை ஆர் ஆர் இருக்கினம்?"

"ட்வெய்ட்டாவுக்கு ரெண்டு பேர், ஸ்டோவ்னருக்கு ரெண்டு பேர்..."

தங்கள் பகுதியை ஏன் கேட்கவில்லை என்று பின்னால் ஓர் அம்மா எழுந்துவிட்டார். நான் இதையெல்லாம் கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது எடுத்துப் பார்த்தாலும் எந்த நாட்டைப் பற்றியது என்று சொல்ல முடியாது.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளில் வர்ஷா உள்ளே வந்தாள். அழும் நிலையில் இருந்தாள்.

"மேம், அது உங்களப் பத்தி இல்ல. எங்க ஊர்ல அமெரிக்கா பிரசிடெண்ட்டத்தான் அதிபர்னு சொல்லுவோம். என்னாலதான் எல்லாரும் அப்படிச் சொல்ல ஆரம்பிச்சாங்க."

"சனாதிபதி, ரீச்சர்," என்றாள் ஆரணி. "நாங்கள் சனாதிபதியைத்தான் நீக்கினனாங்கள்."

ஸ்டோவ்னர்த் தகப்பன் சப்பாத்துக் கயிற்றைக் குனிந்து கட்டத் தொடங்கினார். அதிபர் அந்தத் தாளை எடுத்து இன்னொரு தரம் முதலிலிருந்து வாசித்தார். பிறகு செனட் அண்ணையைப் பார்த்து, விசாரணையில் அதிபராக நடிக்கப்போவது யார் என்று கேட்டார். ஒருவரும் சம்மதிக்காததால் தானே நிற்பதாக செனட் அண்ணை சொன்னார்.

"நீங்கள் விடுங்கோ," என்றார் அதிபர். "அந்த வேலை எனக்குப் பழக்கம்." திறப்புகளை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

மறுவாரம் விசாரணை நடந்தது. வர்ஷா தலைமை நீதிபதி. எட்டுப் பிள்ளைகள் இடப்பக்கக் கதிரைகளில் இருந்து குற்றம் சாட்டிவிட்டு, ஆள் பற்றாக்குறையால் அவர்களே எழுந்து வலப்பக்கம் போய் செனட்டர்களானார்கள். அதிபர் அரை மணித்தியாலம் தன் பக்க நியாயத்தைச் சொன்னார். விளையாட்டுப் போட்டியை நிறுத்தியது பிழைதான், கேட்டிருக்க வேண்டும் என்று அவர் நடுவில் சொன்னபோது, அது எந்த அதிபர் சொன்னது என்று எங்களுக்குப் பிடிபடவில்லை. நீக்குவதற்கு ஆறு வாக்கு வேண்டும். பெயர் கூப்பிட்டு எண்ணியதில் ஐந்துதான் விழுந்தது. அந்த ஐந்தில் ஒன்று என் மகளுடையது. வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன். சாட்சியத்தைப் பார்த்துத்தான் போட்டேன் அப்பா என்றாள்.

பரீட்சையில் அவளுக்குக் கிடைத்த கேள்வி, அமெரிக்காவில் யாருடைய அதிகாரத்தை யார் தடுக்கலாம் என்பது. கேட்ட ஆசிரியர் போதும் என்று சொல்லும்வரை நிறுத்தவில்லையாம்.

கோடை விடுமுறைக்கு முந்திய சனிக்கிழமை அதிபர் வகுப்புக்கு வந்து, மேல் வகுப்புக்கு இனி நிரந்தர ஆசிரியர் செனட் அண்ணைதான் என்று அறிவித்தார். அவர் ஏற்கவில்லை. தலைவர் நியமித்தால் மட்டும் போதாது, செனட்டின் சம்மதமும் வேண்டும் என்றார்.

"அப்ப கேளுங்கோவன்," என்றார் அதிபர்.

செனட் அண்ணை பலகை துடைப்பானைக் கையில் எடுத்தார். ஆரணிதான் எழுந்து, சம்மதிப்பவர்கள் கை உயர்த்தலாம் என்றாள். எட்டுக் கைகளும் எழுந்தன. நீதிபதிக்கு இதில் வாக்கில்லை என்று நன்றாகத் தெரிந்தும் வர்ஷாவும் உயர்த்தினாள், பின்வரிசையில் இருந்து நானும். வேறு நாளாக இருந்தால் அந்தப் பிழையைத் திருத்த அவர் அரை மணித்தியாலம் எடுத்திருப்பார். அன்று திரும்பி நின்று பலகையைத் துடைக்கத் தொடங்கினார். அதில் யாரும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அவர் துடைத்து முடிக்கும்வரை நாங்கள் எல்லோரும் கையை இறக்காமல் இருந்தோம்.