லெவல் அக்காவின் மாம்பழம்

திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிய தமிழ்ப் பையன்களின் உடல்நலத்தையும் மனநலத்தையும் ஒரு காலத்தில் தீர்மானித்தது மருத்துவர் அல்ல, மேனேஜரும் அல்ல. ஒரு மாம்பழம். அதுவும் போனுக்குள் இருந்த மாம்பழம்.

போன் எங்கள் லெவல் அக்காவுடையது. கீழே மெஸ், மாடியில் வாடகை அறைகள், இரண்டையும் அவர்தான் நடத்தினார். சொந்தப் பெயர் ஏதோ இருந்திருக்க வேண்டும், யாரும் கேட்டதில்லை. நாகர்கோவில் பக்கத்துக்காரர். கணவர் காலமாகி, ஒரே மகளும் துபாய்க்குப் போனபின் ஒரு விளையாட்டைப் பிடித்துக்கொண்டார். ஒரே வகைப் பழங்களை வரிசையாகச் சேர்த்தால் வெடிக்கும். தோற்றால் ஒரு லைஃப் போகும். எல்லா லைஃபும் தீர்ந்தால் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் அதே விளையாட்டில் சேர்ந்திருக்கும் நண்பர்களிடம் கேட்க வேண்டும்.

போனைப் பெருங்காய டப்பாவில் சாய்த்து வைத்து, இடது கையால் பழம் உடைத்துக்கொண்டே வலது கையால் தீயல் குழம்பைக் கிளறுவார். முடிவு எங்கள் தட்டில் தெரியும். லெவல் தாண்டினால் செவ்வாய்க்கிழமையிலும் பாயசம் உண்டு. மாட்டிக்கொண்டாலோ மிளகாய். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தும்மல் வந்தால், சத்தமில்லாமல் மறுபடி மாட்டிக்கொண்டு பரோட்டாக் கடைக்குப் போய்விடுவோம்.

எங்கள் ஆபீஸில் ஒருவர் வந்து, வீடியோ கேம் மனநலத்தைப் பாதிக்கும் என்று படம் போட்டு விளக்கினார். கேள்வி உண்டா என்றதும் எங்கள் மெஸ்ஸின் ஜெபசிங் எழுந்தான். திருநெல்வேலிக்காரன், மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது அவன் வேலை.

"சார், பாதிப்பு ஆடுதவங்களுக்கா, அவங்க கையால சாப்பிடுதவங்களுக்கா?"

அவர் அவசரமாக அடுத்த படத்துக்குத் தாவினார்.

அந்த வீட்டில் ஒரு சடங்கும் இருந்தது. அறையைக் காலி செய்து போகிறவன், சாவி கொடுக்கும்போது போனையும் கொடுக்க வேண்டும். அக்கா அதில் அந்த விளையாட்டை ஏற்றி, அவனைத் தன் நண்பனாகச் சேர்த்துத் திருப்பித் தருவார். புனேக்குப் போனவன், டொரன்டோவுக்குப் போனவன், கல்யாணமாகி மாமனார் வீட்டில் அடங்கியவன் என்று உலகெங்கும் அவருக்கு லைஃப் அனுப்ப ஆட்கள் இருந்தார்கள். இந்த அம்மாளுக்குப் பழத்தின் மேல் இவ்வளவு வெறியா என்று நினைத்துக்கொண்டோம்.

அப்படி இருக்கையில்தான் அந்த மாம்பழம் வந்தது. பனிக்கட்டிக்குள் கிடந்த அதைக் கீழே இறக்கினால் லெவல் முடியும். அது இறங்கவில்லை.

"சவம், இந்த ஒத்த மாங்கா எறங்கினா போரும் மக்கா. வரவே மாட்டேங்கு" என்று சொல்லிக்கொண்டே மிளகாய்ப்பொடியை அள்ளுவார்.

வாரக்கணக்கில் இறங்கவில்லை. அவியல்கூடக் காரமாயிற்று. வரலாற்றில் அவியலுக்கு இப்படி ஒரு கதி நேர்ந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. எங்களில் இருவர் வயிற்றெரிச்சல் மாத்திரையைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார்கள். மொட்டை மாடியில் அவசரக் கூட்டம் கூடியது.

"லைஃப் தீந்துபோறதுதான் பிரச்சினையே. அத சரி பண்ணிட்டா முடிஞ்சு" என்றான் ஜெபசிங். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு எதைப் பார்த்தாலும் சரி பண்ணத் தோன்றும். போனைச் சுத்தம் செய்து தருவதாக அக்காவிடம் வாங்கி, லைஃப் தீரவே தீராத ஒரு திருட்டுப் பிரதியை எங்கிருந்தோ எடுத்து ஏற்றிவிட்டான்.

மறுநாள் மாம்பழம் இறங்கியது. பாயசம் ஓடியது. ஜெபசிங்கைத் தோளில் தூக்காத குறை.

அதற்கப்புறம்தான் ஆபத்து. சாப்பாட்டில் காரம் குறைந்தது. பிறகு உப்பு, புளி எல்லாமே குறைந்தது. ஆஸ்பத்திரிச் சாப்பாடு தோற்றது. போன் அலமாரி மேல் கிடந்தது. ஈரத் துண்டைக் கைப்பிடிச் சுவரில் போட்டவனைக்கூட அக்கா திட்டவில்லை. அன்றுதான் எங்களுக்கு உண்மையிலேயே பயம் வந்தது. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். ஒன்றும் இல்லை, எல்லாம் நார்மல் என்றார். எங்களுக்கு நார்மலான அக்கா வேண்டாம், பழைய அக்கா வேண்டும் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

வீட்டுக்குத் திரும்பியதும் டொரன்டோக்காரனிடமிருந்து எனக்கு போன். "டேய், அக்காவுக்கு என்னாச்சு? கொஞ்ச நாளா லைஃபே கேக்கல!" பின்னாலேயே புனேக்காரன். அதே கேள்வி.

போய்ச் சொன்னேன். அக்கா சட்டென்று நிமிர்ந்தார்.

"கேட்டானுவளா? ரெண்டு பேரும் கேட்டானுவளா?"

"நீங்க ஏங்க்கா அவங்ககிட்ட லைஃப் கேக்கல?"

"அதான் நெறைய கெடக்கே, எப்படிக் கேக்க? அந்தப் பொத்தானயும் காணல." அலமாரி மேல் கிடந்த போனைப் பார்த்தார். "லைஃப வச்சு நான் என்னடே செய்ய? போன் போட்டா மீட்டிங்ல இருக்கேங்க்கான்னு வச்சிருவானுவ. லைஃப் கேட்டா மீட்டிங்ல இருந்தே அனுப்புவானுவ. பய முழிச்சாச்சு, தோசையோ வல்லதுமோ தின்னுருப்பான், கொழப்பம் ஒண்ணும் இல்லன்னு ஒரு சமாதானம், கேட்டியா."

வாசற்படியில் நின்ற ஜெபசிங் உள்ளே வந்தான். போனை எடுத்து, தான் சரி பண்ணியதை நீக்கி, பழைய விளையாட்டை ஏற்றிக் கொடுத்தான். அதே பனிக்கட்டி, அதே மாம்பழம், காலியான லைஃப். அக்கா கேட்டார். டொரன்டோவிலிருந்து உடனே வந்தது.

அன்றைக்கு வைத்த ரசத்தில் எல்லோருக்கும் கண்ணில் நீர் வழிந்தது. இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டோம். ஜெபசிங் மூன்றாம் முறை வாங்கினான்.

பிறகு நானும் சாவியையும் போனையும் நீட்டினேன். இப்போது சென்னையில் தனியாக இருக்கிறேன். அந்த விளையாட்டை ஒருநாளும் ஆடியதில்லை. ஆனால் தினமும் காலையில் அக்காவுக்கு லைஃப் அனுப்பிவிட்டுத்தான் பல் தேய்ப்பேன்.

போன மாதம் ஒருநாள் காய்ச்சலில் எழுந்திருக்க முடியவில்லை, அனுப்பவில்லை. வெயில் ஏறுவதற்குள் போன் அடித்தது.

"என்னடே, காய்ச்சலா?"

"இல்லக்கா, மீட்டிங்."

"கிடக்கட்டு. ரசம் வச்சுக் குடி. மொளவு கூடப் போடு."

போனை வைக்காமல் அப்படியே காதில் பிடித்திருந்தேன். அந்தப் பக்கம் கரண்டிச் சத்தத்தோடு பழம் உடைகிற சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தது. பாதிக் காய்ச்சல் அப்போதே இறங்கிவிட்டது.