ஸ்டோயிக்கும் கடைவாய்ப் பல்லும்

சோபாவில் சாய்ந்து தேநீர் குடித்தபடி படிக்கும்போது எந்தத் தத்துவமும் சுலபமாகத்தான் இருக்கும்.

புலம்பெயர்ந்து கிங்ஸ்பரிக்கு வந்த புதிதில், நூலகத்தில் நடந்த மாலை வகுப்பொன்றில் ஸ்டோயிக்குகளைப் பற்றி அறிந்தேன். ஏதென்சில் ஒரு தூண் மண்டபத்தில் கூடிப் பேசிய பழைய கிரேக்கர்கள். நம் கையில் இல்லாததற்குக் கலங்காதே. வலி கெட்டதல்ல, அதைக் கெட்டது என்று நினைப்பதுதான் கெடுக்கிறது என்பது அவர்கள் கட்சி. ரோமச் சக்கரவர்த்தி முதல் கிறிஸ்தவ அறிஞர்கள் வரை பலரும் அதை எடுத்தாண்டார்கள், இன்றைய மனநல சிகிச்சையிலும் அதன் சாயல் உண்டு என்றார் ஆசிரியர். (மிச்சம் இருந்தது நான் ஒருவன்தான்.)

அந்த மாதமே கடைவாய்ப் பல் சொத்தையானது. பல் வைத்தியர் வேறு யாருமல்ல, என் மனைவி தர்ஷினியின் தங்கைக்குப் பேசிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் அக்கா.

"அங்க போய் மரியாதையா இருங்கோ. சம்பந்தம் குழம்பக் கூடாது" என்று தர்ஷினி வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். மரியாதை என்ன, அசத்தியே விடுவது என்று முடிவு செய்தேன்.

"ஊசி வேண்டாம்" என்றேன்.

"அண்ணை, ஓட்டை ஆழம். தாங்க ஏலாது."

"வலி எண்டது எங்கட எண்ணம்தான். கிரேக்கர் சொல்லியிருக்கினம்."

"அந்தக் கிரேக்கருக்குப் பல்லு இருந்ததோ?" என்று கேட்டவர், பெருமூச்சு விட்டார். "சரி, ஏலாட்டில் கையை உயர்த்துங்கோ."

கருவி பல்லைத் தொட்டது. வாக்குத் தவறவில்லை நான், கையை உயர்த்தவேயில்லை. கால்தான் உயர்ந்தது. தட்டிலிருந்த சாமான்கள் எல்லாம் பறந்து சுவரில் மோதின. கூடவே என் தொண்டையிலிருந்து "ஐயோ அம்மா!" என்று ஒரு சத்தம் கிளம்பியது. வெளியே காத்திருந்தவர்களில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்களாம். "உள்ளே இருப்பவர் உங்களுடன் வந்தவரா?" என்று வரவேற்பறைப் பெண் கேட்க, தர்ஷினி சஞ்சிகையிலிருந்து தலையை உயர்த்தாமல், "இல்லை" என்றிருக்கிறாள்.

ஊசி போட்டுத்தான் பல்லை அடைத்தார். மரத்துப்போன வாயால் மன்னிப்புக் கேட்க முயன்றேன். எச்சில்தான் வழிந்தது.

சம்பந்தம் போயிற்று என்று நினைத்தேன். ஆனால் பல் வைத்தியர் தன் வீட்டுக்குப் போய்ச் சொன்ன கதையைக் கேட்டு, இப்படியொரு சகலன் கிடைத்தால் வாழ்நாளெல்லாம் சிரிக்கலாம் என்று மாப்பிள்ளை உடனே சம்மதித்துவிட்டாராம்.

இப்போது அவர்களுடைய பிள்ளைகள் எந்த வைத்தியரிடம் போனாலும் முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள்: "ஊசி போடுங்கோ. எங்கட பெரியப்பா மட்டும்தான் கிரேக்கர்."